நிரந்தர விலாசம்

வங்கியில் கணக்குத் தொடங்குகிறவர்கள் பூர்த்தி செய்யும் படிவத்தில் விலாசத்துக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று தற்போதைய விலாசம். மற்றது நிரந்தர விலாசம். மயிலாப்பூரில் ஒரு கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து இந்தப் படிவங்களைச் சரிபார்ப்பது என் உத்தியோகம். மந்தைவெளியில் நாற்பது வருஷமாகக் குடியிருக்கும் ஒருவர் நிரந்தர விலாசம் என்ற கட்டத்தில் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் பெயரை எழுதுகிறார். அத்தாட்சி கேட்டால் இல்லை. அந்த வீடு விற்றாகி இருபது வருஷமாயிற்று என்று அவரே சொல்கிறார். பேனாவை வாங்கி அடித்துவிட்டு மந்தைவெளியையே மறுபடி எழுதும்போது அவர் முகத்தில் ஒரு சிறு மனத்தாங்கல் தெரிகிறது.

சென்னையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ஒன்று சொல்கிறார்கள், உள்ளூர்க்காரர்கள் வேறு சொல்கிறார்கள் என்பது பழைய வழக்கு. வடக்கிலிருந்து மாற்றலாகி வருகிற அதிகாரி முதல் வாரத்திலேயே தீர்ப்பை வாசித்துவிடுகிறார்: வெயில், புழுக்கம், கூவம், இரவு ஒன்பது மணிக்கு மேல் அடங்கிப்போகும் தெருக்கள், ஹிந்தி பேசாத ஆட்டோக்காரர். உள்ளூர்க்காரர் பதிலுக்குக் காபி, கச்சேரி, பிற்பகலில் வரும் கடற்காற்று, அடக்கம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். மீனம்பாக்கத்தில் 2003 மே 31ஆம் தேதி 45 டிகிரி பதிவானது ஒருவருக்கு ஊர் வாழ லாயக்கில்லை என்பதற்குச் சாட்சி. மற்றவருக்கு அதையும் தாங்கினோம் என்ற பெருமை. இரண்டு பட்டியல்களும் எனக்கு மனப்பாடம். இரண்டிலும் பொய் அதிகமில்லை. என் சந்தேகம் வேறு. இந்த வழக்கில் உள்ளூர்க்காரர் என்ற ஸ்தானத்தில் நின்று வாதாடுகிறவர் யார்?

முதலில் வெளியூர்க்காரரைப் பார்க்கலாம். இந்தக் கரையைப் பற்றிச் சொன்ன அந்நியர்களில் மிகவும் பிரசித்தமானவர் மார்க்கோ போலோ. 1298இல் ஜெனோவாச் சிறையில் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட புத்தகத்தில் மாபார் என்ற பெயரில் இந்தப் பிரதேசம் வருகிறது. தோமையாரின் சமாதி இருக்கும் சிற்றூரும் வருகிறது. அவர் நேரில் பார்த்தாரா, கேட்டதைச் சொன்னாரா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். எல்லாரும் வெற்றுடம்போடு திரிவதால் இந்த நாட்டில் தையற்காரனுக்கே வேலையில்லை என்கிறார் அவர். வெனிஸ்காரரின் கண்ணுக்கு வேட்டி ஒரு உடையாகவே படவில்லை. அவருடைய பார்வையின் எல்லை இது. ஆனால் அதே கண்ணுக்கு வேறு சில விஷயங்கள் தப்பவில்லை. ஒவ்வொரு கிழமையிலும் ஒரு கெட்ட வேளை இருக்கிறது, அந்த வேளையில் இவர்கள் வியாபாரம் பேசுவதில்லை என்கிறார். பேரம் நடக்கும்போது சுவரில் தோன்றும் பூச்சியை வைத்துச் சகுனம் பார்ப்பதைச் சொல்கிறார். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை எங்கள் வங்கியில் வைப்புநிதிக் கவுண்டர் காலியாக இருப்பதையும், 12 அடித்ததும் பெஞ்சில் காத்திருந்தவர்கள் எழுந்து வருவதையும் பார்க்கிறவன் நான். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு அந்நியரின் குறிப்பு என் வேலை நேரத்தோடு பொருந்துகிறது. இதை உள்ளூர்க்காரர் யாரும் எழுதி வைத்திருக்கமாட்டார். அவருக்கு அது ஒரு செய்தியே இல்லை.

இன்னொன்றும் மார்க்கோ போலோ சொல்கிறார். இவர்கள் பாத்திரத்தை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கிறார்கள். அந்நியனுக்குத் தங்கள் பாத்திரத்தைத் தருவதில்லை. அவனிடம் சொந்தப் பாத்திரம் இல்லாவிட்டால் அவன் கையில் ஊற்றுகிறார்கள், அவன் கையையே பாத்திரமாக்கிக் குடித்துக்கொள்ள வேண்டியது. வந்தவர் இதை ஒரு விநோத வழக்கமாக மட்டும் குறித்துக்கொண்டு போய்விட்டார். ஆசாரம், சுத்தம் என்று நாம் இதற்கு வைத்திருக்கும் பெயர்கள் அவருக்குத் தெரியாது. தெரியாததனால்தான் விஷயம் நிர்வாணமாக நிற்கிறது: தாகத்தோடு வந்தவனின் குவிந்த இரண்டு கைகள். மயிலாப்பூர் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்க்க வருகிறவளுக்குத் தனி டம்ளர் எடுத்து வைக்கப்பட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலும் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அப்போது அதைப் பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அது சமையலறையின் ஒரு பகுதியாக இருந்தது.

வெளியூர்க்காரரின் பார்வைக்குள்ள பலம், பழக்கம் அவர் கண்ணை இன்னும் மூடவில்லை என்பதுதான். நாள் செல்லச்செல்ல அந்தப் பலம் போய்விடுகிறது. 1836இல் சென்னைக்கு வந்திறங்கிய ஜூலியா மைட்லாண்டின் கடிதங்கள் 1843இல் லண்டனில் வெளியாயின. ஏற்கனவே இங்கே இருந்துவரும் ஒரு ஆங்கில மாதிடம், நாட்டையும் ஜனங்களையும் பற்றி என்ன கண்டீர்கள் என்று கேட்கிறார். ஒன்றுமே காணவில்லை, காணாதவரை நல்லது என்ற தோரணையில் பதில் வருகிறது. வந்து சில நாளான பெண்மணிக்கு அந்தப் பதிலே பார்க்கத்தக்க ஒரு காட்சியாகிவிடுகிறது. ஓரிடத்தில் வெகுகாலம் இருப்பதற்கும் அந்த இடத்தை அறிவதற்கும் சம்பந்தம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. இது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் உரிய குறை என்று நினைத்துக்கொள்வது நமக்குச் சௌகரியம்.

நம் உள்ளூர்க்காரருக்கு வருவோம். 1943இல் வந்த புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற முனையில் நிற்கும் ஒரு ஆசாமியிடம் கடவுள் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். கடவுள்தான் இங்கே வெளியூர்க்காரர். காபியில் சிக்கரி கலப்பது அவருக்குத் தெரியாது. ஊரின் சூட்சுமமெல்லாம் தெரிந்த உள்ளூர்க்காரர் கந்தசாமிப் பிள்ளை. ஆனால் அவர் பெயருக்கு முன்னால் மேலகரம் என்று தென்காசிப் பக்கத்து ஊர் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடவுளைவிடச் சில வருஷம் முந்தி வந்தவர், அவ்வளவுதான். எழுதியவரும் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். சென்னை என்று நம் மனசில் பதிந்திருப்பதில் பெரும்பங்கு இப்படி வந்தவர்கள் எழுதியது. கடலூரிலிருந்து ஜெயகாந்தன் வந்தார். 1931இல் செகந்தராபாத்தில் பிறந்த அசோகமித்திரன் 1952இல் இங்கே வந்தார். 'தண்ணீர்' நாவலின் தெருவையும் குடங்களையும் எழுத அந்த வருகை தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன். மறுபுறம், 1906இல் சென்னையில் பிறந்து புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த ஆர். கே. நாராயண் 1935இல் மால்குடி என்று இல்லாத ஊர் ஒன்றை உண்டாக்கி, பிறகு வாழ்நாள் முழுதும் அதையே எழுதினார். பிறந்தவர் வேறு ஊருக்குப் போக, வந்தவர்கள் இந்த ஊரை எழுதியிருக்கிறார்கள்.

இதில் குறை காண ஒன்றுமில்லை. நகரம் என்பதே வந்தவர்களின் இடம். சிக்கல், வந்தவர் தன் வருகையை இரண்டு விதமாக உபயோகித்துக்கொள்வதில் இருக்கிறது. அவருக்குப் பின்னால் வருகிறவரிடம் அவர் உள்ளூர்க்காரர். ஆபத்து வரும்போது அவர் வெளியூர்க்காரர். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் குண்டு வீசியபோது பலர் மூட்டை கட்டினார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான் இலங்கையைத் தாக்கியதும், அவசியமில்லாதவர்கள் நகரைவிட்டுப் போகலாம் என்று சர்க்கார் அறிவித்தது. காரியாலயங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. ரயில்கள் நிரம்பி வழிந்தன. அப்போது போனவர்கள் 'ஊருக்கு'ப் போனார்கள். அந்தச் சொல்லை நாம் இன்றும் அப்படித்தான் பிரயோகிக்கிறோம். சென்னையில் இருந்துகொண்டு 'ஊருக்குப் போகிறேன்' என்றால், இருக்கும் இடம் ஊர் இல்லை என்று அர்த்தமாகிறது. 2020இல் ஊரடங்குக்கு முன்னாலும் இதே சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் ஜனங்கள் பஸ் ஏறினார்கள்.

தியாகராய நகரை எடுத்துக்கொண்டால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து 1920களில் உண்டாக்கிய நகர் அது. நீதிக் கட்சித் தலைவர் தியாகராய செட்டியாரின் பெயர் நகருக்கு; 1921 முதல் 1926 வரை முதல் மந்திரியாக இருந்த பனகல் ராஜாவின் பெயர் பூங்காவுக்கு. அதாவது அங்கே குடியேறிய அத்தனை பேரும் வந்தவர்கள். தண்ணீர் மட்டும்தான் உள்ளூர். 2021 நவம்பரில் தியாகராய நகரின் தெருக்களில் வெள்ளம் நின்றபோது, வீட்டுக்குள் தண்ணீர் 'புகுந்துவிட்டது' என்று எல்லாரும் பேசினார்கள். நானும் அப்படித்தான் பேசினேன். 2019 ஜூனில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டபோது, தண்ணீர் தீர்ந்துபோன மாநகரம் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. வெளியூர்க்காரர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று நாம் கோபித்துக்கொண்டோம். இதெல்லாம் நமக்குப் புதிதா, லாரி வரும் என்றோம். இரண்டு வருஷ இடைவெளியில் இரண்டும் நடந்தும், ஏரி ஞாபகத்துக்கு வந்தவர்கள் சொற்பம். வந்தவருக்குத் தெரியாது, இருந்தவருக்கு மறந்துவிட்டது. இந்த இடத்தில் இரண்டு பட்டியல்களும் ஒன்றுதான்.

மறுபடி படிவத்துக்கு வருகிறேன். இரண்டு கட்டங்களிலும் ஒரே விலாசத்தை எழுதுகிறவர்களும் எங்கள் கவுண்டருக்கு வருகிறார்கள். கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே நொச்சிக்குப்பம், டூமிங்குப்பம், முள்ளிக்குப்பம் ஆகிய இடங்களிலிருந்து வரும் மீன் விற்கும் பெண்கள் அவர்கள். சிலர் படிவத்தை நீட்டி, நீயே எழுது தம்பி என்பார்கள். நிரந்தர விலாசம் எதும்மா என்று நான் கேட்டால் கேள்வியே அவர்களுக்குப் புரிவதில்லை. "அதான் சொன்னேனே" என்பார்கள். மேற்படி என்று எழுதுவேன். சென்னை 1639 ஆகஸ்ட் 22இல் பிறந்ததாக 2004 முதல் நாம் விழா எடுத்துவருகிறோம். பிரான்சிஸ் டேக்குக் கிடைத்த சாசனத்தின் தேதி அது. அந்தத் தேதிக்கு நூறு வருஷத்துக்கும் மேலாக முன்பே போர்த்துக்கீசியர் சாந்தோமில் இருந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்பும் இந்தக் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு எந்தச் சாசனமும் இல்லை, பிறந்த நாளும் இல்லை. இந்த ஊரைப் பற்றி அவர்களுக்கு என்ன அபிப்பிராயம் என்று எந்தக் காலத்திலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வெளியூர்க்காரரின் புத்தகத்திலும் அது இல்லை. நம் சிறுபத்திரிகைகளிலும் இல்லை.

கேட்காததற்கு விலை உண்டு. குப்பங்களை ஒட்டிப் பின்னால் ஒரு சாலை வந்தது. லூப் ரோடு என்று பெயர். சாலை வந்ததும் அதன் ஓரத்தில் மீன் விற்றவர்கள் போக்குவரத்துக்கு இடைஞ்சலானார்கள். 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது; மாநகராட்சி கடைகளை அகற்றியது; மீனவர்கள் படகையும் வலையையும் சாலையில் போட்டு மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் அவர்களுக்கென்று நவீன மீன் அங்காடி ஒன்று திறக்கப்பட்டது. அங்காடி நல்லதா கெட்டதா என்பது என் விஷயமில்லை. அந்த நாட்களில் வங்கியில் சாப்பாட்டு வேளையில் நடந்த பேச்சுதான் என் விஷயம். நாற்றம், நெரிசல், ஆக்கிரமிப்பு என்று பேசினோம். வடக்கிலிருந்து வந்த அதிகாரியும், நிரந்தர விலாசத்தில் கும்பகோணத்துக் கிராமத்தை எழுதக்கூடிய நாங்களும் அன்று முதல் தடவையாக ஒரே அபிப்பிராயத்தில் இருந்தோம். ஆக்கிரமிப்பு என்ற சொல்லை யார் யாரைப் பார்த்துச் சொல்வது என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அன்று தோன்றவில்லை. வீட்டுக்குப் போய் வெகுநேரம் கழித்துத்தான் தோன்றிற்று.

ஆகவே, வெளியூர்க்காரரின் சென்னை, உள்ளூர்க்காரரின் சென்னை என்று நாம் இரண்டாகப் பிரித்துப் பேசுவது வந்தவர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் பாகப்பிரிவினை. முதலில் வந்தவர், பிறகு வந்தவர் என்பதற்குமேல் அதில் வித்தியாசமில்லை. முந்தி வந்தவருக்குப் பழக்கமும், பிந்தி வந்தவருக்குக் கண்ணும் இருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னால் எழுதுகிறவன் கண்ணைத்தான் கேட்பான். ஆனால் அந்தக் கண் யாரைப் பார்க்கத் தவறுகிறது என்பதும் அவன் கணக்கில் இருக்கவேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையிலிருந்து பல குடும்பங்கள் செம்மஞ்சேரிக்குக் கொண்டுபோகப்பட்டன. அதற்கு முன்பே, 2000 முதல், நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து எடுக்கப்பட்டவர்களுக்காகக் கண்ணகி நகர் கட்டப்பட்டுவந்தது. அங்கிருந்து இப்போதும் காலையில் பஸ் ஏறி மயிலாப்பூருக்கு வேலைக்கு வருகிறார்கள். அப்படி வரும் ஒரு அம்மாள் சில மாதங்களுக்கு முன் விலாச மாற்றத்துக்காகக் கவுண்டருக்கு வந்தார். ஆதார் அட்டையில் செம்மஞ்சேரி என்று ஏறிவிட்டது. படிவத்தில் தற்போதைய விலாசத்தை அதைப் பார்த்து எழுதினேன். நிரந்தர விலாசத்துக்கு வந்ததும், அங்கே மட்டும் பழைய குப்பத்தையே போடு என்றார். அத்தாட்சி வேண்டுமே அம்மா என்றேன். அந்த வீடே இல்லையே, அத்தாட்சிக்கு எங்கே போவேன் என்றார்.

மந்தைவெளிக்காரர் சொன்னதும் இதே வாக்கியம்தான். அவர் விற்றுவிட்டு வந்தார். இவரைக் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டுக்கும் படிவத்தில் ஒரே கட்டம்தான் இருக்கிறது. விதிப்படி மேற்படி என்று எழுதி முத்திரை வைத்தேன்.