பக்கவாத்தியக்காரரைத் தேடி: தாளப்பொறி நடந்து வந்த பாதை

தனியே அமர்ந்து ஓர் இசைக்கருவியைப் பயில்வோர் எல்லோர்க்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. உடனிருந்து தாளம் தர ஆள் இராது. 1815-இல் மெல்ட்சல் காப்புரிமை பெற்ற மெட்ரனோம் காலத்தை அளந்து காட்டியதேயன்றி வாசித்துக் காட்டவில்லை. டிக் டிக் என்னும் ஒலியோடு ஒரு மணி நேரம் சாதகம் செய்து பார்த்தவர்களுக்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கும். இன்று ஒரு கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் போதும், காசு கொடாமலே ஒரு தாளப்பொறி கிடைத்துவிடுகிறது. 'ட்ரம் மெஷின்' என்று வழக்கில் சொல்லப்படும் இப்பொறி வந்த வழியைச் சற்றே பின்னோக்கிச் சென்று காண்போம்.

தாளத்தை மின்சாரத்தால் எழுப்பும் முயற்சி 1930-இல் தொடங்குகிறது. அமெரிக்க இசையமைப்பாளர் ஹென்றி கவல் வேண்டியதற்கிணங்க, ரஷ்யப் பொறியாளர் லியோன் தெரமின் 'ரித்மிகான்' என்னும் கருவியை உருவாக்கினார். துளையிட்ட வட்டுகள் சுழல, அத்துளைகளின் வழியே வந்த ஒளி மின்கண்ணில் பட்டு ஒலியாயிற்று. முதற்கட்டை ஒரு முறை ஒலிக்கும் நேரத்தில் இரண்டாவது இருமுறை ஒலிக்கும், மூன்றாவது மும்முறை. இவ்வாறே பதினாறு வரை. வியப்புக்குரிய படைப்புத்தான். எனினும் அது பயிற்சிக்கு உதவும் துணையாக ஆக்கப்பட்டதன்று. மிகச் சிலவே செய்யப்பட்டன.

துணை என்று சொல்லத்தக்க முதற்பொறிகளுள் ஒன்று 1959-இல் வர்லிட்சர் நிறுவனத்திலிருந்து வந்தது. அதன் பெயர் 'சைட்மேன்'. தமிழில் பெயர்த்தால் பக்கவாத்தியக்காரர்! இத்தனை பொருத்தமான பெயர் அதன்பின் வந்த எப்பொறிக்கும் வாய்க்கவில்லை என்பது எங்கள் எண்ணம். வீட்டு அலமாரி போன்ற மரப்பெட்டி. உள்ளே ஒரு வட்டு சுழலும். அதனைச் சுற்றிலும் பதித்த மின்தொடுமுனைகள் வெற்றிடக் குழல்களை இயக்கி, வால்ட்ஸ், டாங்கோ முதலிய நடைகளை ஒலிக்கச் செய்யும். வட்டின் வேகத்தைக் குறைத்தால் காலப்பிரமாணம் குறையும். பயில்வோர்க்கு இன்றியமையாத வசதி இதுவே.

இங்கிருந்து கதை தோக்கியோவுக்குத் தாவுகிறது. ஷின்ஜுகு பகுதியில் சுதொமு கதோ என்பவர் ஓர் இரவு விடுதி நடத்திவந்தார். அங்கே அக்கார்டியன் வாசித்துவந்தவர் ததாஷி ஒசனாய். அவருக்குப் பக்கத்துணையாக இருந்தது ஒரு சைட்மேன். அதன் வாசிப்பில் நிறைவு கொள்ளாத ஒசனாய், இதனினும் நல்லதொன்றைத் தம்மால் செய்ய இயலும் என்று கதோவிடம் சொல்லிப் பொருளுதவி வேண்டினார். 1962-இல் இருவரும் நிறுவனம் தொடங்க, மறு ஆண்டே 'டொன்காமாடிக்' வெளிவந்தது. அந்நிறுவனமே பின்னாளில் கோர்க் எனப் பெயர் பெற்றது.

ஒசனாய் தாளவாத்தியக்காரர் அல்லர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1980-இல் மெய்யான முழவோசைகளைப் பதிந்து, எண்களாக மாற்றி, நினைவகத்தில் சேமித்து ஒலித்த எல்.எம்.-1 பொறியை ஆக்கிய ரோஜர் லின்னும் ஒரு கிதார்க் கலைஞரே. தாளத்துணை வேண்டி நின்றவர்களே இப்பொறியின் வரலாற்றைப் பெரிதும் எழுதியிருக்கிறார்கள். தாளவாத்தியம் வாசித்தவர்கள் அதனை அச்சத்தோடு நோக்கியதும் இயல்பே. 1982-இல் பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய இலண்டன் கிளை, இத்தகைய மின்னணுக் கருவிகளுக்குத் தடை கோரித் தீர்மானம் கொண்டுவந்தது. பிழைப்பு பறிபோகும் என்ற கவலையை எள்ளி நகையாட எங்களுக்கு மனம் வரவில்லை.

லின்னின் பொறி ஏறத்தாழ 5,000 டாலர். எளிய மாணவன் அதனைக் கனவிலும் வாங்க இயலாது. அதே 1980-இல் இகுதாரோ ககெஹாஷியின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டி.ஆர்.-808-இன் விலை 1,195 டாலர். அதன் ஓசை மெய்யான முழவைப் போன்றில்லை என்று பலரும் குறை கூறினர். 1983-இல் உற்பத்தியும் நின்றது. ஏறக்குறைய 12,000 பொறிகளே செய்யப்பட்டிருந்தன. கைமாறிக் குறைந்த விலைக்கு வந்த பின்னரே வசதியற்ற இளைஞர்கள் அதனைக் கைப்பற்றினர்; ஹிப் ஹாப் இசையின் அடியோசை அதிலிருந்து பிறந்தது.

இனி மென்பொருளுக்கு வருவோம். 1997-இல் சுவீடனின் புரோபெல்லர்ஹெட் நிறுவனம் 808-ஐயும் அதன் இனத்துப் பிற பொறிகளையும் கணினித் திரையில் நடித்துக் காட்டும் 'ரீபர்த்' மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2005-இல் விற்பனையை நிறுத்தியபோது, அருங்காட்சியகம் என்று பெயரிட்ட ஒரு பக்கத்தில் அதனை இலவசமாகவே வைத்தது. எத்தனையோ பேர் தரவிறக்கிப் பயன்கொண்டனர். ஆயினும் 2017-இல், ரோலண்ட் தன் உரிமையை வலியுறுத்தவே, ஐபேடுக்கான ரீபர்த் கடையிலிருந்து நீக்கப்பட்டது. அருங்காட்சியகத்தின் கதவும் மூடப்பட்டது. கொடுத்தவர் கையை மடக்கிக்கொண்டால் பெற்றவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இரு பொருளையும் சுமந்து குழப்பம் விளைவிக்கிறது. தமிழுக்கு அவ்விடர் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இத்தாலியரான அலெஸ்ஸாந்த்ரோ கொமினு தொடங்கிய 'ஹைட்ரஜன்' என்னும் தாளப்பொறி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அது குனு பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்படுகிறது. எவரும் அதன் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். தொடங்கியவர் விலகினாலும் வேறொருவர் தொடர்ந்து செய்ய இயலும். லினக்ஸ் கணினிகளுக்கென எழுதப்பட்ட அது இன்று விண்டோஸிலும் மேக்கிலும் இயங்குகிறது.

பயில்வோர் இதில் முதலில் தேட வேண்டியது ஓசை நயத்தையன்று, வேகம் காட்டும் எண்ணை. ஒலிநாடாவில் பதிந்த தாளத்தின் வேகத்தைக் குறைத்தால் சுருதியும் உடன் இறங்கும். இங்கே வேகத்தைப் பாதியாக்கினாலும் ஓசை மாறுவதில்லை. பிழையின்றி வாசிக்க முடியும் வேகத்தில் தொடங்கி, நிமிடத்திற்கு நான்கைந்து தட்டுகளாகக் கூட்டிச் செல்லலாம். கட்டங்களின் எண்ணிக்கையையும் நாமே வரையறுக்கலாம் என்பதால், நான்கின் மடங்குகளுக்குள் அடங்காத மிச்ர சாபுவின் ஏழையும் அதில் அமைத்துக்கொள்ள இயலும். மிருதங்கத்தின் குரல் மட்டும் அதனோடு வரும் தொகுப்புகளில் இல்லை. ஓசைகளைத் தனியே பதிந்து சேர்ப்பதற்கு வழியுண்டு. அம்முயற்சியில் ஈடுபடும் மிருதங்கக் கலைஞர் எவரேனும் இருப்பின் எங்களுக்கு எழுதலாம். கூடவே வரும் தொகுப்புகளுள் ஒன்று, 1983-இல் உற்பத்தி நின்றுபோன அந்த 808-இன் ஓசைகளைப் போலச் செய்தது.