கடைசி வரிசைக்கு அனுப்பப்பட்ட சிறுவன்

நம் தீர்த்தமலைக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே நெடுந்தொலைவு. ஆயினும் இரண்டு ஊர்களிலும் இராமர் பெயரால் தீர்த்தங்கள் உண்டு; இரண்டுக்கும் வெளியூர் மக்கள் நீராட வருகின்றனர். இத்தகைய கோயில் ஊர்களில் வளரும் முஸ்லிம் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டு நண்பன் வேறு மதத்தவன் என்பது தெரியும். அதனால் அவனருகே அமரக் கூடாது என்பது தெரியாது. அதைப் பெரியவர் ஒருவர்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இராமேசுவரத்தில் அதைக் கற்றுக்கொடுக்க வந்தவர் ஓர் ஆசிரியர். 1931-இல் பிறந்த அப்துல் கலாம் அங்கே தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்த காலம். தலையில் தொப்பியுடன் முதல் வரிசையில், கோயில் தலைமை அர்ச்சகர் இலட்சுமண சாஸ்திரிகளின் மகன் இராமநாத சாஸ்திரியின் அருகில் அமர்வது அவர் வழக்கம். புதிதாக வந்த ஆசிரியருக்கு அது பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். நண்பன் அழுதான். அந்த அழுகையைக் கலாம், 1999-இல் வெளிவந்த தம் தன்வரலாற்று நூல் வரை மறக்கவில்லை.

சிறுவர்கள் வீட்டில் சொன்னார்கள். சாஸ்திரிகள் ஆசிரியரை அழைத்து, பிஞ்சு மனங்களில் நஞ்சு கலக்காதீர் எனக் கண்டித்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையேல் பள்ளியையும் தீவையும் விட்டுச் செல்ல வேண்டும் என்றார். ஆசிரியர் வருந்தித் திருந்தினார். இவை யாவும் அச்சிறுவர்களின் கண்ணெதிரே நடந்தன என்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். அவமதிப்பைக் கண்ட கண்கள் அதன் திருத்தத்தையும் கண்டன.

எல்லா இடங்களிலும் இப்படி நடக்கவில்லை. வ.வே.சு. ஐயர் 1922-இல் சேரன்மாதேவியில் தொடங்கிய குருகுலத்தில், பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவளிக்கப்பட்டது. அவர்களின் பெற்றோருக்கு அளித்த வாக்கு என்பதே காரணம். 1925-இல் அது தமிழ்நாட்டுக் காங்கிரசையே உலுக்கியது. வாக்கைப் பெற்றவரும் பெரியவர், கொடுத்தவரும் பெரியவர். தனித்தனியே உண்டவர்கள் பிள்ளைகள்.

நம் வீடுகள் மட்டும் விலக்கா? சம்பந்தம் பேசும்போது "அவர்கள் உர்தூக்காரர்கள்", "அவர்கள் லெப்பைமார்" என்று குரல் தாழ்த்திச் சொல்வதைப் பக்கத்தில் பாடம் எழுதும் பிள்ளை கேட்கிறது. குரல் தாழ்ந்ததனாலேயே கூர்ந்து கேட்கிறது. அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்தபோது, உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறது என நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். நபித்தோழருக்கே அது நேர்ந்தது.

இராமேசுவரத்தில் இன்னொரு நிகழ்வும் உண்டு. அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கலாமை வீட்டுக்கு உணவுண்ண அழைத்தார். தம் அடுக்களையில் முஸ்லிம் சிறுவனுக்குப் பரிமாற ஆசிரியரின் மனைவி மறுத்துவிட்டார். ஐயர் சினக்கவில்லை. தாமே பரிமாறி, சிறுவனின் அருகில் அமர்ந்து உண்டார். அம்மையார் கதவுக்குப் பின்னிருந்து பார்த்தபடியே இருந்தார். அடுத்த வாரமும் வருமாறு ஐயர் சொன்னார். தயங்கியபடியே சென்ற கலாமை, இம்முறை அந்த அம்மையாரே உள்ளே அழைத்துச் சென்று தம் கையால் பரிமாறினார்.