பணபரம்: ஜாதகக் கட்டத்துக்குள் பணம் வந்த கதை

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடைகளுக்கும் சாமி படக் கடைகளுக்கும் நடுவே ஒரு புத்தகக் கடை கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். மெல்லிய அட்டை போட்ட ‘புலிப்பாணி ஜோதிடம் 300’ அங்கே அநேகமாக இருக்கும். திண்டுக்கல் சீமை தமிழ் ஜோதிடத்துக்குக் கொடுத்த புத்தகம் எதுன்னு கேட்டா இதைத்தான் சொல்லணும். பழனி முருகன் சிலையை நவபாஷாணத்தில் செய்தவர் போகர் என்பது ஐதீகம். அவருடைய சீடர் புலிப்பாணி. குருவுக்குத் தண்ணீர் கொண்டுவரப் புலி மேல் ஏறிப் போனதால் அந்தப் பெயராம். பாணி என்றால் தண்ணீர். அவர் பெயரில் ஓர் ஆசிரமம் மலையடிவாரத்தில் இன்றும் இருக்கிறது.

எதிரே உட்கார்ந்திருப்பவரை ‘அப்பா’ என்று கூப்பிட்டுப் பேசுகிற தொனியில் போகும் பாடல்கள் அவை. ஜாதகக்காரருக்கு அதில் ‘சென்மன்’ என்று பெயர். இந்தக் கிரகம் இந்த இடத்தில் நின்றால் சென்மனுக்குச் செம்பொன் சேரும், பூமி சேரும் என்று பலன் சொல்லிக்கொண்டே போகும். சம்பளம், வட்டி, தவணை எதுவும் அந்த உலகத்தில் கிடையாது. ஆனால் அதே பாடலை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு ஒருவர் ஹவுசிங் லோன் கிடைக்குமா என்று பார்த்துச் சொல்கிறார். செம்பொன்னுக்கும் ஹவுசிங் லோனுக்கும் நடுவில் என்ன நடந்தது?

அதைத் தெரிந்துகொள்ள, ஜாதகத்தில் பணத்தை எங்கே பார்க்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம்.

பன்னிரண்டு கட்டம். பிறந்த நேரத்தில் கிழக்கே உதித்த ராசி லக்னம்; அதுதான் முதல் இடம். அங்கிருந்து இரண்டாவது தனஸ்தானம், அதாவது கையில் தங்குகிற பணம். பதினொன்றாவது லாபஸ்தானம், கைக்கு வந்து சேர்கிற பணம். ஐந்தாவது பூர்வபுண்ணியம், ஒன்பதாவது பாக்கியம். இவை இரண்டும் முன்ஜென்மக் கணக்கிலிருந்து வருவதாக நம்பப்படுகிறவை. ஆறாவது கடன், எட்டாவது எதிர்பாராத வரவும் கண்டமும், பன்னிரண்டாவது விரயம். இது போக, குருவுக்குத் தனகாரகன் என்று தனிப் பட்டம்.

2, 5, 9, 11-க்கு உடைய கிரகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தாலோ பார்த்துக்கொண்டாலோ இடம் மாறி உட்கார்ந்தாலோ அது தனயோகம். கும்ப லக்னக்காரருக்கு இரண்டாம் இடம் மீனம், பதினொன்றாம் இடம் தனுசு. இரண்டுக்கும் குருவே அதிபதி. ஆக வரவும் சேமிப்பும் ஒரே கிரகத்தின் கையில். குரு நல்லா இருந்தா எல்லாம் நல்லா இருக்கும், கெட்டா ரெண்டும் சேர்ந்து கெடும். அப்படியே யோகம் இருந்தாலும் போதாது, அதற்குரிய தசை வரணும். குரு தசை 16 வருஷம், சனி தசை 19, சுக்கிர தசை 20. பின்தேதி போட்ட செக் மாதிரி: தொகை எழுதியாச்சு, தேதி வரும்வரை வங்கிக்குக் கொண்டுபோக முடியாது.

இந்தக் கணக்கில் எனக்கு ஒரு விஷயம் ரொம்பப் பிடிக்கும். இரண்டாம் இடம் பணத்துக்கு மட்டும் உரியதில்லை. குடும்பமும் அதுதான், வாக்கும் அதுதான். பத்திரமும் கையெழுத்தும் எல்லாருக்கும் வாய்க்காத காலத்தில் ஒருவருக்குக் கடன் கிடைத்தது அவர் குடும்பத்தைப் பார்த்து, அவர் வாய்ச்சொல்லை நம்பித்தான். ‘வாக்கு சுத்தமான ஆளு’ என்பது அன்றைய சிபில் ஸ்கோர். ஆறாம் இடத்தைப் பாருங்கள்: ருணம், ரோகம், சத்ரு. கடன், நோய், பகை மூன்றுக்கும் ஒரே வீடு. கடனாளி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

*

ஜோதிடம் படிக்கிறவர்கள் 2, 5, 8, 11 ஆகிய நான்கு இடங்களையும் சேர்த்துப் ‘பணபரம்’ என்பார்கள். தனஸ்தானமும் லாபஸ்தானமும் இதற்குள் வருவதால், பணம் தருகிற இடம் என்பதால்தான் பணபரம் என்று பொருள் சொல்லக் கேட்கலாம். காதுக்குப் பொருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் இந்தச் சொல்லுக்கும் நம்ம பணத்துக்கும் சொந்தமே கிடையாது.

இது ‘எபனஃபொரா’ என்ற கிரேக்கச் சொல். பின்னால் ஏறி வருவது என்று அர்த்தம். 1, 4, 7, 10 ஆகிய நான்கு மூலைகளுக்கு அடுத்து எழும் இடங்களுக்குக் கிரேக்க ஜோதிடர்கள் வைத்த பெயர். அந்த மூலைகளை நாம் சொல்லும் ‘கேந்திரம்’ என்பதும் ‘கென்ட்ரான்’ என்ற கிரேக்கச் சொல்தான். ‘ஹோரை’யும் அப்படியே. 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருஹத் ஜாதகம் எழுதியபோது இந்தச் சொற்களை ஒளிவுமறைவு இல்லாமல் பயன்படுத்தினார். அவருக்கு முன்பே சமஸ்கிருதத்தில் ‘யவன ஜாதகம்’ என்ற பெயரிலேயே ஒரு நூல் இருந்தது.

‘வேத ஜோதிடம்’ என்று இன்று நாம் தயங்காமல் சொல்கிறோம். ஆனால் வேதாங்க ஜோதிடம் என்ற பழைய நூலில் லக்னமும் இல்லை, பன்னிரண்டு பாவங்களும் இல்லை. யாகத்துக்கு நாள் குறிக்க சூரியனையும் சந்திரனையும் நட்சத்திரங்களையும் கணக்கிட்ட நூல் அது. உனக்குப் பணம் வருமா என்ற கேள்வி அதற்குள் வரவே இல்லை. ஒரு தனிமனிதனின் பிறந்த நேரத்தை வைத்து அவன் வாழ்வாதாரத்தைப் படிக்கிற கலையின் பெரும்பகுதி யவனத் தொடர்பில் வந்தது. நம்மவர்கள் அதில் நட்சத்திரத்தையும் தசையையும் கர்மக் கணக்கையும் சேர்த்து வேறொன்றாக வளர்த்தெடுத்தார்கள். கிரேக்கர்கள் இரண்டாம் இடத்தை ‘பாதாளத்தின் வாசல்’ என்று அழைத்தார்கள். நாம் அங்கே குடும்பத்தைக் குடிவைத்தோம்.

அந்த யவனத் தொடர்பின் தடயம் திண்டுக்கல் சமவெளியிலேயே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பழனிக்குப் பக்கத்தில் கலையம்புத்தூரில் ரோமானியப் பொற்காசுகளின் புதையல் ஒன்று கிடைத்தது. கொங்குநாட்டையும் மதுரையையும் இணைத்த வழிகளில் போய்வந்த வணிகத்தின் மிச்சம். அந்த வணிகம்தான் காசையும் கொண்டுவந்தது. காசு எப்போது வரும் என்று பார்க்கிற கலை இந்தியாவுக்கு வந்துசேர்ந்ததும் அதே உறவுகளின் வழியாகத்தான்.

*

கட்டங்களின் பெயர்கள் மாறவில்லை. உள்ளே இருக்கும் சரக்கு மாறிக்கொண்டே இருக்கிறது.

தனஸ்தானம் என்றால் ஒரு காலத்தில் பெட்டகம். திண்டுக்கல் அந்தப் பெட்டகத்துக்குப் பூட்டு செய்த ஊர். கையால் செய்த மாங்காய்ப் பூட்டு இங்கிருந்து ஊர் ஊராகப் போனது. பிறகு பணம் பெட்டகத்தை விட்டு வங்கிக்குப் போனது. அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்த மலிவுப் பூட்டு வந்தது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பட்டறைகளில் ஆட்கள் குறைந்துபோயிருந்தார்கள். ஊரார் தனஸ்தானத்தைப் பூட்டிக் கொடுத்தவர்களின் தனஸ்தானம் காலியானது எந்தக் கிரகத்தால்?

எட்டாம் இடத்தின் திடீர் அதிர்ஷ்டம் ஒரு காலத்தில் புதையல். 1968-இல் தமிழ்நாடு அரசு லாட்டரி வந்ததும் அது லாட்டரிச் சீட்டானது. 2003-இல் லாட்டரி தடை செய்யப்பட்டது. அதே இடத்தை இன்று ஷேர் மார்க்கெட்டுக்கும் இன்சூரன்ஸுக்கும் பார்க்கிறார்கள்.

பன்னிரண்டாம் இடத்தின் மாற்றம்தான் பெரிய மாற்றம். விரயம், ஊரை விட்டுப் போவது என்று பயந்த இடம் அது. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்கள் போகத் தொடங்கிய பிறகு அதே இடம் ‘வெளிநாட்டு யோகம்’ ஆனது. ஆறாம் இடம் பலமாக இருந்தால் ‘லோன் ஈஸியா கிடைக்கும்’ என்று சொல்கிற ஜோதிடர்கள் இருக்கிறார்கள். கடன் வாங்கி வீடு கட்டினால் அதற்குச் ‘சுப விரயம்’ என்று பெயர். நோயும் பகையும் குடியிருந்த வீட்டுக்கு வெள்ளையடித்துக் கொடுத்தது ஹவுசிங் லோன்.

இதை ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. மக்களின் பணம் எதெல்லாமாக மாறியதோ அதையெல்லாம் ஜோதிடம் பின்னாலேயே போய்ப் படித்திருக்கிறது. அந்த வகையில் அதை நம் பொருளாதார வரலாற்றின் ஒரு டைரியாகவே வாசிக்கலாம்.

*

டைரி தீர்ப்புச் சொல்ல ஆரம்பிக்கும்போதுதான் சிக்கல்.

1876-இல் தொடங்கிச் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற பஞ்சத்தை நம் ஆட்கள் தாது வருஷப் பஞ்சம் என்று நினைவு வைத்திருக்கிறார்கள். தாது என்பது அறுபது வருஷச் சுழற்சியில் ஒன்று. அந்தச் சுழற்சி குருவின் நடையை ஒட்டியது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு சுற்று, ஐந்து சுற்றுக்கு அறுபது. தனகாரகனின் காலண்டரில் பேரெழுதிய பஞ்சம்! செத்தவர்களில் தனயோகக்காரர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ரோமாபுரியில் சிசரோ இதே கேள்வியைக் கேட்டார்: கன்னே போர்க்களத்தில் மாண்ட அத்தனை பேருக்கும் ஒரே ஜாதகமா?

ஜோதிடத்திடம் இதற்குப் பதில் உண்டு. நாட்டுக்கு வரும் பலனுக்கு முன்னால் தனி ஆளின் பலன் நிற்காது. 2-ஆம் நூற்றாண்டிலேயே டாலமி இதை எழுதிவிட்டார். நம்ம ஊர் ஜோதிடர்களும் சொல்வார்கள். கவனித்துப் பார்த்தால் இது பெரிய ஒப்புதல். மழையும் விலைவாசியும் அரசும் தன் கட்டத்தைவிடப் பெரியவை என்று ஜோதிடமே சொல்கிறது.

ஆனால் ஒருவர் நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்ததும் இந்த விதி மறந்துபோகிறது. மல்லிகை விலை விழுந்தோ, போர்வெல்லில் தண்ணீர் வராமலோ ஏறிய கடன் அவருடைய ஆறாம் இடத்தின் கடனாகிவிடுகிறது. பூர்வபுண்ணியம் போதவில்லை என்றாகிறது. சந்தைக்கும் வட்டிக்காரருக்கும் அந்த நோட்டில் ஒரு கட்டமும் கிடையாது.

அப்புறம் ஏன் போகிறார்கள்? கடனை வேறு எங்கே சொல்வது? பங்காளியிடம் சொன்னால் இளக்காரம், சம்பந்தி காதுக்குப் போனால் மானம். ஜோதிடர் முன்னால் மட்டும், “கடன் எப்பங்க அடையும்?” என்று கேட்க முடிகிறது. “புரட்டாசி தாண்டட்டும், சரியாயிரும்” என்ற பதிலில் ரெண்டு மாசத்துக்கு மூச்சுவிடக் கிடைக்கிறது. அந்த மூச்சின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்த ரெண்டு மாசமும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். லாட்டரி தடைசெய்யப்பட்ட அதே 2003-இல்தான் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டமும் வந்தது. கடன் எப்போது அடையும் என்று கேட்கிறவருக்கு அந்தச் சட்டத்தையும் யாராவது ஒருவர் சொல்ல வேண்டும்.

கலையம்புத்தூர்க் காசுகளை நினைத்துக்கொள்கிறேன். யாரோ ஒருவர் அவற்றை மண்ணில் புதைத்தார். திரும்பி வந்து எடுக்கவே இல்லை. புதைத்தவருக்கு அது தனஸ்தானம், தொலைத்தவுடன் விரயஸ்தானம். ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கும் மேலாகிக் கண்டெடுத்தவருக்கு எட்டாம் இடம். தங்கம் என்னவோ அதே தங்கம்தான். அவர் ஏன் திரும்பி வரவில்லை என்பது எந்த ஜாதகத்திலும் எழுதியிருக்காது. போரா, கொள்ளையா, காய்ச்சலா? அவர் வாழ்ந்த காலத்துக்குத்தான் அது தெரியும்.