எல்கைக்கொடியும் இருசக்கர வண்டியும்: மதுரைச் சமவெளியில் சாலைப் பந்தயம் பார்த்த வரலாறு

மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் வரலாற்றை எழுதுவோர் ஓட்டியவர்களையும் இயந்திரங்களையும் பற்றி விரிவாக எழுதுகிறார்கள். பார்க்கப் போனவர்களுக்கு அதில் ஒரு பத்தி கிடைப்பதே அரிது. மதுரையையும், அதைச் சுற்றி மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சிவகங்கை எனப் பரந்து கிடக்கும் கண்மாய்ப் பாசன நிலத்தையும் பொறுத்தவரை, பார்த்தவர்களிடமிருந்து தொடங்காமல் இந்த வரலாற்றை எழுதவே முடியாது. மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கென நிலையான தடம் எதுவும் இங்கே அமையவில்லை; ஆனால் சாலையோரத்தில் காத்து நின்று, கண்ணெதிரே சில விநாடிகளில் கடந்துபோகும் வேகத்தைப் பார்க்கும் பழக்கம், மோட்டார் வருவதற்கு முன்பே மாட்டுவண்டிப் பந்தயத்தின் வழியாக இம்மண்ணில் ஊன்றிவிட்டது. பின்னாளில் வந்த மோட்டார் சைக்கிள் இங்கே பந்தய வண்டியாக ஆகவில்லை என்பதும், பந்தயம் பார்ப்பவரின் நகரும் இருக்கையாக ஆனது என்பதுமே இவ்வட்டாரத்தின் தனித்தன்மை.

சாலைப் பந்தயம் என்பது, பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட வளையத் தடத்தில் ஓடாமல், அன்றாடப் போக்குவரத்துக்கான பொதுச்சாலையைச் சில மணி நேரம் அடைத்து அதிலேயே ஓடுவது. மோட்டார் சைக்கிளில் இதன் தாயகமாகக் கருதப்படுவது இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள மான் தீவு. 1903-ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் பிரிட்டனில் மணிக்கு 20 மைல் என வேக வரம்பு விதித்தது. பந்தயத்துக்காகச் சாலையை மூடவும் அங்கே வழியில்லை. தனக்கெனச் சட்டமன்றம் கொண்டிருந்த மான் தீவோ, 1904-இல் சட்டம் இயற்றித் தன் சாலைகளைப் பந்தயத்துக்குத் திறந்துவிட்டது. 1907-இல் அங்கே தொடங்கிய டூரிஸ்ட் டிராபி பந்தயம் 1911-இல் மலைச்சாலைக்கு மாறியது. ஒரு சுற்று ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளும் அத்தடத்தில், வேலியோரத்திலோ கல்சுவரின் மேலோ உட்கார்ந்திருக்கும் பார்வையாளர், ஓர் ஓட்டுநரை ஒரு சுற்றுக்கு ஒரே முறைதான் காண்கிறார். வளையத் தடத்தின் படிக்கட்டில் அமர்ந்தவர் பந்தயத்தின் பெரும்பகுதியைப் பார்க்கிறார் என்றால், சாலையோரத்தவர் பந்தயத்தின் ஒரு துண்டைப் பார்த்துவிட்டு மீதியை ஒலிபெருக்கியிலும் வானொலியிலும் பிறர் வாயிலும் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். அந்தத் துண்டு எந்த இடத்தில் வாய்த்தால் நல்லது என்று கணித்து இடம்பிடிப்பதே உள்ளூர் ரசிகரின் தேர்ச்சி.

அதே தேர்ச்சி மேலூர்ச் சாலையோரத்திலும் தேவைப்படுகிறது. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தேனி மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களையும் பொங்கலையும் ஒட்டி நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு எல்கைப் பந்தயம் என்றும் பெயருண்டு. எல்கை என்பது ஊருக்கு வெளியே குறித்த தொலைவில் கொடி நட்டு அடையாளப்படுத்திய திரும்புமிடம். வண்டிகள் ஊரிலிருந்து புறப்பட்டு, அந்தக் கொடியைச் சுற்றித் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். பெரிய மாடுகளுக்குப் போகவர 8 மைல், சிறியவற்றுக்கு 6 மைலோ 5 மைலோ என்பது பரவலான வழக்கம். எடையளவுச் சட்டம் 1956-இல் இயற்றப்பட்டு மெட்ரிக் முறை வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும் பந்தய அறிவிப்புகளிலும் மறுநாள் நாளிதழ்ச் செய்திகளிலும் மைல் கணக்கே தொடர்வது, இது தன் அளவைகளையும் தன் போக்கில் வைத்துக்கொண்ட விளையாட்டு என்பதைக் காட்டுகிறது.

போட்டி மாடுகளின் வளர்த்தியை வைத்துப் பிரிக்கப்படுகிறது. பெரிய மாடு, நடுமாடு என்பவற்றுக்குக் கீழே கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு எனச் சிறு பறவைகளின் பெயரால் வகைகள் இறங்குகின்றன; இயந்திரப் பந்தயத்தில் சிலிண்டரின் கொள்ளளவை வைத்து 125, 250, 350 சி.சி. என்று பிரிப்பதன் நோக்கமும் இதன் நோக்கமும் ஒன்றே. ஒரு வகையில் வண்டிகள் அளவுக்கு மிஞ்சிப் பதிவானால், அவற்றை இரு பிரிவாக்கித் தனித்தனியே ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் இருவர்: கயிறு பிடித்து ஓட்டுபவர் சாரதி, உடன் ஓடியும் ஏறிக்கொண்டும் மாடுகளை விரட்டுபவர் துணைச்சாரதி. முதலில் வந்து சேர்ந்தவருக்கு மட்டுமன்றி, அடுத்தடுத்து வருவோருக்கும் பரிசுண்டு. சில ஊர்களில் எல்கைக்கொடியை முதலில் எட்டிய வண்டிக்கெனத் தனிப் பரிசும் வைப்பதுண்டு. கடைசியாகச் சொன்ன இது பார்வையாளருக்கு மிக முக்கியமானது. போகும்போது முந்துவதா, திரும்பும்போது முந்துவதா என்ற கேள்வி, சாரதியின் உத்தியாக இருப்பதோடு நில்லாமல், பார்ப்பவர் எங்கே நிற்பது என்பதையும் முடிவு செய்கிறது.

கொங்கு நாட்டு ரேக்ளாவோடு ஒப்பிட்டால் இதன் இயல்பு தெளிவாகும். கோவை, திருப்பூர்ப் பகுதிகளில் 200 மீட்டர், 300 மீட்டர் என அளந்த நேர்த்தடத்தில் ஒவ்வொரு வண்டியாக ஓட்டிக் கடிகாரத்தால் வெற்றியை முடிவு செய்கிறார்கள். பார்வையாளர் முழு ஓட்டத்தையும் நின்ற இடத்திலிருந்தே காணலாம். மதுரைப் பக்கத்திலோ வண்டிகள் கூட்டமாகப் புறப்பட்டு, முதல் வளைவிலேயே கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன. கொங்கில் வேகத்தை அளந்து பார்க்கிறார்கள், இங்கே வண்டிக்கு வண்டி மோதவிட்டுப் பார்க்கிறார்கள். இயந்திரப் பந்தயத்துக்கான கரி மோட்டார் ஸ்பீட்வே கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளத்தில் அமைந்ததற்கு இந்த வேறுபாட்டைக் காரணமாகச் சொல்வது மிகையாகும். அதற்குக் காரணம் அந்நகரின் தொழிற்கூடங்களும் பட்டறைகளும், ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கி 1995-இல் விமான விபத்தில் மறைந்த எஸ். கரிவர்தனின் முனைப்பும்தான். அத்தடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

மதுரைக்கு மோட்டார் தாமதமாக வரவில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் மதுரையை மையமாகக் கொண்டே வளர்ந்தது. அவருடைய பேருந்துகள் ஓடிய பிறகுதான் இவ்வட்டாரத்துக் கிராமங்கள் பலவற்றில் மோட்டார் வண்டியின் நேரந்தவறாமை என்பது அன்றாட அனுபவமாயிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பட்டபோது, மரக்கரியிலிருந்து உண்டாகும் வாயுவால் பேருந்தை ஓட்டும் கலன்களை அந்நிறுவனம் தயாரித்ததும் பலர் அறிந்ததே. ஆயினும் அந்த மோட்டார் பண்பாடு நேரத்தையும் சிக்கனத்தையும் போற்றியதே தவிர, பந்தயத்தை வளர்க்கவில்லை.

தமிழ்நாட்டில் மோட்டார் சைக்கிள் பந்தயம் வளர்ந்த இடம் வடக்கே, சென்னையைத் தாண்டி, செங்குன்றத்துக்கு அருகே உள்ள சோழவரம். உலகப் போரின்போது அமைக்கப்பட்டுப் போருக்குப் பின் பயனற்றுக் கிடந்த விமான ஓடுதளத்தை, 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் பந்தயத்துக்குப் பயன்படுத்தியது. கல்கத்தாவுக்கு அருகே பாரக்பூரிலும் பம்பாயின் ஜூஹுவிலும் இதே கதைதான்: சாலைகளை மூட அரசிடம் இசைவு பெறுவதைவிட, ஏற்கெனவே இருந்த விமான ஓடுதளத்தைக் கேட்டுப் பெறுவது எளிதாயிருந்தது. அரசர் குடும்பத்தினரும் தொழிலதிபர்களும் அயல்நாட்டுக் கார்களோடு வந்த அக்களத்தில், என்ஃபீல்டு, ஜாவா, எஸ்டி, ராஜ்தூத் ஆகிய உள்நாட்டு வண்டிகளைத் தாமே பிரித்துக் கோத்து ஓட்டிய பட்டறைக்காரர்களும் இடம்பெற்றார்கள்; கூட்டத்தின் அன்பு பெரும்பாலும் இவர்கள் பக்கமே இருந்திருக்க வேண்டும், ஏனெனில் அவர்கள் ஓட்டியது பார்வையாளர் தாமும் வாங்கக்கூடிய வண்டி. 1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரத் தடம் திறக்கப்பட்ட பின், சோழவரத்தின் காலம் முடிந்தது. மதுரையிலிருந்து சோழவரம் ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு; ஓர் இரவுப் பேருந்துப் பயணத்துக்கு அப்பாலிருந்த அந்தப் பந்தயம், இச்சமவெளியின் விவசாயிக்கும் மில் தொழிலாளிக்கும் பத்திரிகைப் படமாகவே இருந்தது.

மதுரை வட்டாரத்துப் பொதுமக்கள் மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் காசு கொடுத்துக் கண்ட இடம் பந்தயத் தடமன்று, பொருட்காட்சியின் மரணக்கிணறு. மரப்பலகைகளை நிமிர்த்திக் கட்டிய பெரிய உருளைக்குள் ஓட்டுநர் கீழிருந்து சுற்றத் தொடங்கி, வேகம் கூடக்கூடச் செங்குத்தான சுவரில் ஏறிச் சுற்றுவது இந்த வித்தை; சுழற்சியின் விசை வண்டியைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருக்க, மேல்விளிம்பில் நின்று குனிந்து பார்ப்பவர்கள் நீட்டும் ரூபாய்த் தாளை, கைப்பிடியை விட்ட கையால் அவர் பறித்துச் செல்வார். அமெரிக்கக் கேளிக்கைச் சந்தைகளில் முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டித் தோன்றி, 1929-இல் இங்கிலாந்தின் சவுத்எண்ட் நகருக்கு வந்த இந்தக் காட்சி, மேலைநாடுகளில் அருகிப்போன பின்னும் இந்தியத் திருவிழாக்களில் பிழைத்திருக்கிறது. பந்தயம் என்று இதைச் சொல்ல முடியாது. முந்துவதற்கு எதிராளியும் இல்லை, சேர்வதற்கு எல்லையும் இல்லை. ஆனால் சாலையோரத்தில் காணக் கிடைக்காத ஒன்றை, அதாவது ஓட்டுநரின் முகத்தை, ஒரு முழ தூரத்தில் மீண்டும் மீண்டும் காட்டியது என்ற வகையில், இதைச் சாலைப் பந்தயத்தின் நேரெதிர்க் காட்சியாகவே கொள்ள வேண்டும்.

1980-களில்தான் நிலைமை மாறியது. மதுரையில் வேர்கொண்ட அதே டி.வி.எஸ். குழுமம் 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்ற மொபெட்டைக் கொண்டுவந்தது. 1984-இல் இந்த்-சுசுகியும் அதையடுத்து யமஹா ஆர்.எக்ஸ். 100-உம் வந்தன. 1982-இல் தொடங்கிய டி.வி.எஸ். ரேசிங் அணி தடங்களில் பெற்ற வெற்றிகள் விளம்பரமாகக் கிராமங்களை எட்டின என்றாலும், அவற்றைவிட ஆழமான மாற்றம் சத்தமின்றி நடந்தது: நெல்மூட்டையையும் பால் கேனையும் சுமக்க வாங்கிய வண்டி, எல்கைப் பந்தயத்தன்று பார்வையாளரைக் கொடிவரை கொண்டுபோகும் ஊர்தியாயிற்று. அதுவரை கண்மாய்க்கரையில் ஏறி நின்றவர், புளியமரத்தடியில் காத்திருந்தவர், ஒலிபெருக்கியடியில் காது கொடுத்தவர் என்றிருந்த கூட்டத்தில், பந்தயத்தோடு கூடவே ஓடும் புதிய வகைப் பார்வையாளர் தோன்றினார். சாலைப் பந்தயத்தைத் துண்டாக மட்டுமே காண முடியும் என்ற பழைய கட்டுப்பாட்டை இச்சமவெளி இப்படித்தான் மீறியது. மான் தீவில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறது, மனிதர் உட்கார்ந்திருக்கிறார்; இங்கே மாடு ஓடுகிறது, மனிதர் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்கிறார்.

இம்மீறலை வியந்து பாராட்டுவதற்கில்லை. வண்டிகளுக்குப் பின்னும் பக்கவாட்டிலும் நெருக்கியடித்துச் செல்லும் இருசக்கர வாகனங்கள், எதிரே திரும்பி வரும் மாடுகளுக்கும் தமக்குமே எமனாக அமைந்ததுண்டு. இரைச்சலும் புகையும் மாட்டை மிரட்டுகின்றன. முன்னே ஓடும் போட்டிக்கு வகையும் விதியும் உண்டு, பின்னே ஓடும் போட்டிக்கு இரண்டும் இல்லை. மதுரை–திருச்சிச் சாலை போன்ற பெருவழிகள் நடுத்தடுப்போடு நான்கு வழிகளாக விரிந்தபின், போய்த் திரும்பும் பந்தயத்துக்கு ஊர்ப்புறக் கிளைச்சாலைகளே ஏற்றவையாயின. அகலம் குறைந்த அச்சாலைகளில் இந்நெருக்கடி இன்னும் கூடுகிறது.

மோட்டார் பந்தயத்தையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் சட்டம் வெவ்வேறு கண்ணால் பார்த்திருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்துமூலமான இசைவின்றிப் பொது இடத்தில் மோட்டார் வாகனப் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதைக் குற்றமாக்குகிறது. 2019-ஆம் ஆண்டின் திருத்தம் தண்டனையை உயர்த்தியது. இசைவு பெற வழி திறந்தே இருந்தும், தமிழ்நாட்டில் அவ்வழியே பெரிதாக ஒன்று நடக்க 2024 ஆகஸ்டு இறுதிவரை, சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் இரவுநேரக் கார்ப் பந்தயம் நடக்கும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. மாட்டுவண்டிக்கு வந்த சோதனை வேறு வகையானது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஜல்லிக்கட்டோடு சேர்த்து மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்தது; 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக நடந்த போராட்டத்தையும் மாநிலச் சட்டத் திருத்தத்தையும் அடுத்துக் காளைகள் களம் திரும்பின; 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகியவற்றின் திருத்தங்களை ஏற்றது. இதற்கிடையில் ஊர்க்கமிட்டிகள் தம் பந்தயத்துக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகுவது வழக்கமாகிவிட்டது.

அதே 2023-இல், செப்டம்பர் 24 அன்று, நொய்டாவை அடுத்த புத்த் தடத்தில் இந்தியாவின் முதல் மோட்டோ ஜி.பி. பந்தயம் நடந்து, இத்தாலியரான மார்க்கோ பெஸெக்கி வென்றார். மதுரை ரசிகர் அதைக் கைப்பேசியில், எல்லா வளைவுகளையும் எல்லாக் கோணங்களிலும் பார்க்கலாம். எல்கைப் பந்தயமும் இப்போது அதே திரைக்கு வருகிறது: முன்னே செல்லும் வண்டியிலிருந்து படம்பிடித்து, வருணனையோடு வெளியிடும் காணொளிகளில், சாரதியின் கயிற்றுப்பிடியும் மாட்டின் நுரைதள்ளிய வாயும், அவற்றுக்குப் பின்னால் சாலையை நிறைத்து வரும் மோட்டார் சைக்கிள்களின் வரிசையும் ஒருசேரத் தெரிகின்றன.