பீரங்கி அளந்த ஊர்

சென்ட்ரலில் மெட்ரோ ஏறி வடக்கே போனால் உயர்நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை என்று அடுத்தடுத்து மூன்று சுரங்க நிலையங்கள். 2019 பிப்ரவரியில் திறந்தவை. ரயில் சில நிமிடங்களில் கடந்துவிடும் இந்தத் தூரத்துக்குள் பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னை முழுவதும் அடக்கம். துணி வணிகத்தால் உருவான ஊர் இது என்று பாடப்புத்தகம் சொல்லும். பொய்யில்லை, 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களை இந்த மணல்வெளிக்கு இழுத்துவந்தது மலிவான பருத்தித் துணிதான். ஆனால் துணி ஆட்களைக் கூட்டிவந்தது, அவ்வளவே. வந்தவர்கள் எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று முடிவு செய்தது அவர்களின் புனித ஜார்ஜ் கோட்டைக் கொத்தளத்தில் நின்ற பீரங்கி என்பதே என் கட்சி.

உயர்நீதிமன்ற நிலையத்தை எடுத்துக்கொள்வோம். கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி, இன்று நீதிமன்ற வளாகம் இருக்கும் இடத்தில்தான் இந்தியர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரம் இருந்தது. 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், எதிரி மறைவாக நெருங்கிவிடக்கூடும் என்று அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். 1749இல் ஊர் திரும்பக் கைக்கு வந்ததும் ஆங்கிலேயரும் அதே காரணத்துக்காக அதே வேலையைத் தொடர்ந்தார்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்ட அனுபவம் அந்த அச்சத்தை உறுதியாக்கியது. குண்டு தடையின்றிப் பாய வெட்டவெளி வேண்டும். அதன் எல்லைக்கு அடையாளமாக 1773 ஜனவரி முதல் தேதியிட்டு ஆறு தூண்கள் நட்டார்கள். தூணுக்குத் தெற்கே ஒரு குடிசையும் எழும்பக் கூடாது. மிஞ்சிய ஒரே தூண் பாரிமுனையில், டேர் ஹவுஸ் ஓரத்தில் நிற்கிறது. பேருந்துக்கு ஓடுகிறவர் கண்ணில் படுவது அபூர்வம். காலியாகக் கிடந்த அந்த நிலத்தில்தான் 1892இல் சிவப்புக் கோபுரங்களோடு உயர்நீதிமன்றம் எழுந்தது. இடித்தவர்களே அங்கே நீதிமன்றம் கட்டியதை வேடிக்கை என்பதா, வேறென்ன சொல்வது?

தூணுக்கு வடக்கே தள்ளப்பட்ட ஊர்தான் மண்ணடி இருக்கும் இன்றைய ஜார்ஜ் டவுன். அதற்கும் ஓர் அச்சம் வேலி போட்டது. மைசூரின் ஹைதர் அலியின் குதிரைப்படை 1769இல் நகரின் வாசல் வரை வந்து, கம்பெனியை உடன்படிக்கைக்கு இறங்கவைத்தது. அதன்பின் புதிய கறுப்பர் நகரைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். செலவைக் குடியிருப்பவர்கள் தலையில் கட்ட நினைத்த வரி வசூலாகவே இல்லை. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் ‘வால்டாக்ஸ் ரோடு’ என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. வ.உ.சி. சாலை என்று பலகை மாற்றியும் ஆட்டோக்காரர் வாயில் அது மாறவில்லை.

வண்ணாரப்பேட்டைக்காரர் இங்கே மறுக்கலாம். துணி வெளுக்கத் தண்ணீரும், விரித்து உலர்த்தத் திறந்த நிலமும் வேண்டும். அதனால்தான் வெளுப்பவர்கள் ஊருக்கு வெளியே போனார்கள், பீரங்கிக்கு அதில் என்ன பங்கு என்று. நியாயமான கேள்வி. பேட்டையை உண்டாக்கியது சுவரல்ல, தொழில்தான். ஆனால் சுவர் எழுந்தபோது கிடங்கும் கடையும் வைத்திருந்த வணிகர் தெருக்கள் உள்ளே சேர்ந்தன. அந்தக் கிடங்குக்குப் போகும் துணியை வெளுத்தவர்களின் பேட்டை வெளியே நின்றது. குதிரைப்படை மறுபடி வந்திருந்தால் முதலில் யார் வாசலில் நின்றிருக்கும் என்பதைத் தொழில் முடிவு செய்யவில்லை.

மெட்ரோ பொறியாளர்கள் வரலாறு பார்த்தா நிலையம் வைத்தார்கள், சாலையும் கூட்டமும் இருந்த இடத்தில் வைத்தார்கள் என்றும் சொல்லலாம். உண்மைதான், என் வாதத்துக்கு அதுவே சாட்சி. அவர்கள் கணக்கில் எடுத்த சாலையும் கூட்டமும் அந்தத் தூணும் சுவரும் வகுத்த கோட்டில் வளர்ந்தவை. சுவரில் பெரும்பகுதி போய்விட்டது. பழைய ஜெயில் ரோட்டில் எஞ்சிய துண்டின் மேல் பூங்கா அமைத்திருக்கிறார்கள். ஊரார் அதை மாடிப் பூங்கா என்கிறார்கள்.