கொடுமுடியில் எழுந்த குரல்

மேனாடுகளில் ஆப்பெரா எனும் இசை நாடகத்தில் தேர்ந்த பாடகர் ஒருவர் எளிய மக்கட்பாடல்களைப் பாட முன்வந்தால், கலையைத் தாழ்த்தினார் என்பர் சிலர். கலையை வாழவைத்தார் என்பர் வேறு சிலர். இவ்வழக்கு நமக்கும் புதிதன்று. நம் கொங்கு மண்ணில், காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் தம் வாழ்வாலேயே இதற்கு விடை கூறிச் சென்றார்.

வறுமை அவரை இளமையிலேயே பாட்டுக்கும் மேடைக்கும் அழைத்துச் சென்றது. அந்நாளைய தமிழ் நாடகம் பெரும்பாலும் பாட்டாலேயே நடந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) முதலியோர் வளர்த்த அம்மேடையில் காம்போதியும் கல்யாணியும் ஒலித்தன. அவற்றோடு சிந்தும் கும்மியும், பார்சி நாடகக் குழுக்கள் கொணர்ந்த வடநாட்டு மெட்டுகளும் ஒரே பந்தியில் அமர்ந்தன. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. ஆர்மோனியத்தின் உயர்ந்த சுருதியில், விடிய விடிய, கடைசியில் தரையில் அமர்ந்திருக்கும் உழவனுக்கும் சொல் விளங்கும்படி பாடவேண்டும். சங்கதிகள் சொல்லை விழுங்கினால் கதை நின்றுவிடும்; சொல் மட்டுமே நின்றால் இசை இராது. இராகம் சிதையாமலும் சொல் மறையாமலும் பாடும் அவரது பாணி இந்தக் கட்டாயத்தில் உருவானதே.

இதே கலையில் அவருக்கு நிகராக விளங்கியவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. இருவரும் 1927-இல் மணம் புரிந்தனர். 1933-இல் கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அன்றுமுதல் வெண்ணிற ஆடையே அவர் உடையாயிற்று. ஆடவருக்கு இணையாக நாயகி வேடம் ஏற்பதில்லை என்றும் உறுதி பூண்டார்.

நாயகி வேடத்தைத் துறந்தவருக்குத் திரையுலகில் இடமேது? 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' விடை அளித்தது. அதில் அவரே நந்தனாராக, ஆண் வேடத்தில் நடித்தார். வேதியராக வந்தவர் கச்சேரி மேடையின் பெரும் வித்துவான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். சுந்தராம்பாளுக்கு ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய். அக்காலத்தில் நாடே வியந்த தொகை! சபையின் இசையும் நாடகக் கொட்டகையின் இசையும் ஒரே திரையில் சந்தித்தன. இரண்டில் எது உயர்ந்தது என்று வழக்காடாமல் மக்கள் இரண்டையும் கேட்டனர்.

பின்னர் 'மணிமேகலை' (1940), 'ஔவையார்' (1953), 'பூம்புகார்' (1964) படத்தில் கவுந்தியடிகள் எனத் துறவும் முதுமையும் கொண்ட வேடங்களே அவரை அடையாளம் காட்டின. 1951-இல் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். 'துணைவன்' (1969) படப் பாடலுக்குத் தேசிய விருதும், 1970-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 1980-இல் மறைந்தார்.

இத்தகைய கலப்பால் இசை தாழ்ந்ததா? நாம் அவ்வாறு கருதவில்லை. சபையின் வாயிலை மிதித்தறியாத எத்தனையோ குடியானவர்கள் அவர் குரல் வழியே இராகங்களோடு பழகினர். இராகத்தின் பெயரை அறியாத செவிகளும் இராகத்தை அறிந்துகொண்டன. எளிமையைத் தேடுவோர் பயிற்சியைக் கைவிடலாகாது. பயிற்சி உடையோர் எளியவரை மறத்தலும் ஆகாது. இன்று நம் ஊர் மேடைகளில் பாடவரும் இளைஞர்க்கு அந்தக் கொடுமுடிக் குரல் விட்டுச்சென்ற பாடம் இதுவே.