நாடிக்குள் ஒரு தாளம்



ஸஹருக்கு எழுப்ப றபான் தட்டி வரும் பாவாமாரை இப்போது எங்கள் தெருக்களில் காண்பது அரிது. போன் அலாரம் போதும் என்கிறோம். 'தாளம் எல்லாம் எமக்கெதற்கு?' என்று கேட்போரும் உண்டு.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா வைத்தியர் ஹெரோபிலஸ் நாடித்துடிப்பை நீர்க்கடிகாரம் வைத்து அளந்தார்; அதை இசையின் தாளத்தோடு ஒப்பிட்டார். சுமார் 1,300 வருடங்களுக்குப் பின் இப்னு ஸீனா (980–1037) தனது 'அல்கானூன்' நூலில், நாடிக்குள் இசையின் இயல்பு உண்டென எழுதினார். சீர் குலைந்த நாடிகளுக்கு மான், எறும்பு, அலை என்று பெயர்களும் அதில் உண்டு. யூனானி வைத்தியர் எங்கள் கையைப் பிடித்து விரல்களால் தேடுவதும் அந்த நடையைத்தான்.

தாளம் வெளியிலிருந்து வந்ததல்ல. அல்லாஹ் எங்கள் மணிக்கட்டிலேயே வைத்தது. ஊரில் மிஞ்சியிருக்கும் பாவா ஒருவரையாவது இந்த றமழானில் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.